வெள்ளைத் தங்க மோதிரம் ஏன் மஞ்சளாகிறது, அதை என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். மூன்று வருடத்துக்கு முன்பு தன் கல்யாணத்துக்காகப் புதுச்சேரியில் ஒரு வெள்ளைத் தங்க மோதிரம் வாங்கியிருக்கிறார். நடுவில் நீலக்கல், சுற்றிலும் சின்ன வைரங்கள், பில்லில் 18 காரட் என்று போட்டிருக்கிறது. வாங்கும்போது பளீரென்று வெள்ளையாக இருந்தது, இப்போது உள்ளங்கைப் பக்கம் மஞ்சளடித்திருக்கிறது, சில மாதமாக விரலில் லேசான அரிப்பும் இருக்கிறது என்கிறார். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா, சமையல் சோடாவா, மாமியார் கொடுத்த நவரத்தின மோதிரத்தையும் அதே கிண்ணத்தில் ஊறவைக்கலாமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் "பக்கத்து வீட்டு அக்கா இது தங்கமே இல்லை என்கிறார்" என்று முடித்திருக்கிறார். சுத்தம் செய்வது அவருக்கு இரண்டாவது கவலை, ஏமாந்துவிட்டோமோ என்பதுதான் முதல் கவலை என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் புதுச்சேரியில் ஒரு பட்டறையில் கல் பதிக்கும் வேலை கற்றுக்கொண்டு, பிறகு ரத்தினவியலும் படித்து, பல வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். உங்கள் மோதிரத்தை நான் பார்க்கவில்லை. அதனால் பார்க்காமலே உறுதியாகச் சொல்ல முடிந்ததை உறுதியாகச் சொல்கிறேன். கையில் வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

உறுதியான விஷயம் முதலில். வெள்ளைத் தங்கம் மஞ்சளடிப்பது இயல்பு. அதை மட்டும் வைத்து யாரும் உங்களை ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. 18 காரட் என்றால் ஆயிரம் பங்கில் 750 பங்கு நாம் எல்லோரும் அறிந்த அதே மஞ்சள் தங்கம்தான். மீதி 250 பங்கில் அந்த மஞ்சளை அடக்கும் உலோகங்களைச் சேர்க்கிறார்கள்: முக்கியமாக நிக்கல் அல்லது பல்லேடியம், கூடவே கொஞ்சம் வெள்ளி, செம்பு, துத்தநாகம். முக்கால் பங்கு தங்கமாக இருக்கும்போது மஞ்சள் முழுவதும் எங்கே போகும்? நிக்கல் கலந்தது வெளிறிய மஞ்சளாகவும், பல்லேடியம் கலந்தது லேசான சாம்பலாகவும் இருக்கும். கடை விளக்கில் நீங்கள் பார்த்த அந்த வெள்ளை, மேலே பூசிய ரோடியத்தின் நிறம். ரோடியம் பிளாட்டினக் குடும்பத்து உலோகம், கறுக்காது, நல்ல கடினம், விலையும் அதிகம். அதனால் மிக மெல்லியதாகத்தான் பூசுவார்கள். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மோதிரத்தின் மேல் இருக்கும் ரோடியம் பெரும்பாலும் ஒரு மைக்ரானைக்கூடத் தொடாது. தினமும் போட்டுக்கொள்ளும் மோதிரத்தில் அது ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் தேய்ந்துபோவது சாதாரணம். தோடு, பதக்கம் எதிலும் உரசாது என்பதால் அவற்றில் இன்னும் பல வருடம் நிற்கும்.

தேய்மானம் எங்கே தெரிகிறது என்பதும் ஒரு நல்ல சாட்சி. உங்கள் மோதிரம் உள்ளங்கைப் பக்கம் மஞ்சளடித்திருக்கிறது, கல்லைச் சுற்றி இன்னும் வெள்ளையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கூட்டர் கைப்பிடி, பஸ் கம்பி, பாத்திரத்தின் காது, துடைப்பம் எல்லாம் உரசுவது அந்தப் பக்கம்தான். ரோடியம் தேயும் விதத்தோடு இது அப்படியே பொருந்துகிறது. உள்ளிருந்து வெளிர் மஞ்சள் தெரிந்தால் அது தங்கத்தின் நிறம். செம்புச் சிவப்போ, பச்சையோ, திட்டுத் திட்டாகக் கறுப்போ தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மஞ்சள் அரைக்கும் கை, குங்குமம் எடுக்கும் கை என்றால் கல்லின் இடுக்குகளில் மஞ்சள் தூளே ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அது சோப்புத் தண்ணீரில் போய்விடும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பதில் மோதிரத்தின் உள்பக்கத்திலேயே இருக்கிறது. பகலில் வெளிச்சத்தில் வைத்து, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முக்கோண வடிவ முத்திரை, 18கே750 என்ற தர எண், ஹெச்யுஐடி எனப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாள எண் என மூன்று குறிகள் இருக்க வேண்டும். அந்த ஆறு இலக்கத்தை பிஐஎஸ் கேர் என்ற அரசு செயலியில் போட்டால் எந்த வகை நகை, என்ன தரம், எந்த மையத்தில் சோதித்தார்கள், எந்த நகைக்காரர் பதிவு என்று வரும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யுஐடி இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக் கூடாது என்பது விதி. அதற்கு முன் வாங்கியதில் பழைய வகை முத்திரை இருக்கலாம். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையே இல்லை என்றால் ஹால்மார்க் மையத்தில் சோதிக்கக் கொடுக்கலாம். ஆனால் எக்ஸ்ரே இயந்திரம் மேற்பரப்பைத்தான் படிக்கும். ரோடியம் பூச்சும் கணக்கில் சேர்ந்து எண் தப்பாக வரும் என்பதால், "இது ரோடியம் போட்ட வெள்ளைத் தங்கம், பூச்சு தேய்ந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள்.

இங்கே இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹால்மார்க் உலோகத்துக்கு மட்டும்தான் சாட்சி. கல் இயற்கையா, ஆய்வகத்தில் வளர்ந்ததா, சூடேற்றியதா என்று அது எதுவும் சொல்லாது. அதற்கு ரத்தினப் பரிசோதனை நிலையத்தின் சான்றிதழ் தனியாக வேண்டும். இயற்கை வைரத்தையும் ஆய்வக வைரத்தையும் லென்ஸ் வைத்து நானே பார்த்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது, கருவி வேண்டும். இன்னொன்று, கடைக்காரர் உங்களிடம் அதைப் பிளாட்டினம் என்று சொல்லி, பில்லிலும் பிளாட்டினம் என்றே எழுதி விற்றிருந்தால் கதை வேறு. பிளாட்டினம் தேய்ந்தால் மங்கும், கீறல் விழும், மஞ்சளாகாது. பில்லில் பிளாட்டினம் என்று இருந்து மோதிரம் மஞ்சளடித்தால் அது நியாயமான புகார். உங்கள் பில்லில் 18 காரட் வெள்ளைத் தங்கம் என்று தெளிவாக இருப்பதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

அரிப்பு விஷயத்தில் என்னால் பாதிதான் சொல்ல முடியும். ரோடியம் இருந்தவரை உங்கள் தோல் ரோடியத்தைத்தான் தொட்டது. அது தேய்ந்த பிறகு உள்ளே இருக்கும் கலவை தோலைத் தொடுகிறது. அந்தக் கலவையில் நிக்கல் இருந்து, உங்கள் தோலுக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாவிட்டால், வாங்கி இரண்டு மூன்று வருடம் கழித்து திடீரென்று அரிப்பு வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் மோதிரத்துக்கு அடியில் சோப்பும் ஈரமும் தங்கினாலும் இதே மாதிரி சிவந்து அரிக்கும். கவரிங் தோடு, கடிகாரப் பட்டையின் கொக்கி, ஜீன்ஸ் பித்தான் பட்ட இடத்திலும் அரிக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அரித்தால் நிக்கல் மீதான சந்தேகம் பலமாகும். முடிவாகச் சொல்ல வேண்டியவர் தோல் மருத்துவர், பேட்ச் டெஸ்ட் என்ற பரிசோதனை இதற்கென்றே இருக்கிறது. அதுவரை மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கலவை நிக்கலா பல்லேடியமா என்று கடையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிக்கல்தான் என்று உறுதியானால் ரோடியத்தைத் தேயத் தேயப் போட்டுக்கொண்டே சமாளிக்கலாம், இல்லையென்றால் கற்களை எடுத்துப் பல்லேடியம் கலந்த தங்கத்திலோ பிளாட்டினத்திலோ மாற்றிப் பதிக்கலாம்.

மறுபடி ரோடியம் போடுவது பெரிய வேலை இல்லை. பழைய கீறல்களை பஃப் போட்டு, அதாவது மெருகுச் சக்கரத்தில் தேய்த்து எடுத்து, எண்ணெய்ப்பசை இல்லாமல் கழுவி, ரோடியம் கரைந்த அமிலக் கரைசலில் முக்கி மின்சாரம் கொடுத்தால் வெள்ளை ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு முறை பஃப் போடும்போதும் கொஞ்சம் தங்கம் போகும், அதோடு கல்லைப் பிடித்திருக்கும் கம்பிகளும் கொஞ்சம் தேயும். ஆகவே லேசாக மஞ்சள் தெரிந்த உடனே ஓடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் மோதிரத்தில் இருப்பது நீலமும் வைரமும்தான் என்பதால் கரைசல் அவற்றை ஒன்றும் செய்யாது. நீலத்தில் விரிசலோ, விரிசலை நிரப்பிய பொருளோ இருக்கிறதா என்று மட்டும் முதலில் லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். முத்து, பவளம், ஓபல், டர்க்காய்ஸ் பதித்த நகையை அந்தக் கரைசலில் இறக்கவே கூடாது. கல்லைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். மரகதத்துக்குக் கரைசலைவிட அதற்கு முன்னால் நடக்கும் சூடான கழுவல்தான் ஆபத்து.

நிறத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிறத்துக்காகப் பதற மாட்டேன். என்னைக் கவலைப்பட வைப்பது கல்லைப் பிடித்திருக்கும் அந்தச் சின்னக் கம்பி நுனிகள்தான். ப்ராங் என்பார்கள். பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் பளபளப்பு போய்விட்டது என்று வருகிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பளபளப்போடு இரண்டு நுனியும் போயிருக்கும். மஞ்சளடித்த மோதிரத்தை எப்போது வேண்டுமானாலும் வெள்ளையாக்கலாம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் விழுந்த வைரத்தை எங்கே போய்த் தேடுவது? தினமும் போடும் மோதிரத்தின் ப்ராங்கை வருடத்துக்கு இரண்டு முறையாவது கல் பதிப்பவரிடம் காட்டிவிட வேண்டும். தேய்ந்த நுனிக்கு மறுபடி தங்கம் வைத்துக் கட்டலாம், வளைந்ததை நிமிர்த்தி இறுக்கலாம். கல் விழுந்த பிறகு ஆகும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

வீட்டிலேயே மூன்று சோதனை செய்து பார்க்கலாம். மோதிரத்தைக் காதருகே பிடித்து நகத்தால் லேசாகத் தட்டுங்கள். கலகலவென்று மெல்லிய சத்தம் வந்தால் ஏதோ ஒரு கல் ஆடுகிறது. பழைய பட்டுத் துணி அல்லது நைலான் துப்பட்டா மீது கல் பக்கத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் ஏதோ ஒரு நுனி தூக்கிக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது, சுற்றிலும் உள்ள சின்ன வைரங்களை வரிசையாகப் பாருங்கள். எல்லாம் ஒரே சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் சாய்ந்திருந்தாலோ பக்கத்தில் அழுக்கு இல்லாத இடைவெளி புதிதாகத் தெரிந்தாலோ மோதிரத்தைக் கழற்றி ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு, அப்படியே பட்டறைக்கு எடுத்துவாருங்கள். விரலில் போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

வெள்ளைத் தங்கத்தின் ப்ராங்குக்கு ஒரு தனி எதிரி உண்டு, அது குளோரின். நிக்கல் கலந்த தங்கம் கெட்டியானது, ஆனால் இழுவிசையில் இருக்கும் இடங்களில் குளோரின் தொடர்ந்து பட்டால் உள்ளுக்குள் நுண்ணிய வெடிப்பு விடும். வளைத்து இறுக்கிய ப்ராங் எப்போதும் அப்படி ஒரு இழுவிசையில்தான் இருக்கிறது. வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, ஒரு நாள் நுனி பட்டென்று முறியும். ஈசிஆர் ரிசார்ட் நீச்சல் குளம், கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர், பிளீச் கலந்த பாத்ரூம் கழுவும் திரவம், வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். இவற்றைத் தொடும் வேலைக்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். இந்தப் பதிலில் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் தண்ணீர் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள், நமக்குக் கடலோரம்தானே வாழ்க்கை. கடலூர் சில்வர் பீச்சில் கால் நனைத்ததால் 18 காரட் தங்கம் கெட்டுப்போகாது. உப்புக் காற்று வெள்ளியையும் கவரிங்கையும் பாதிக்கும் அளவுக்கு இதைப் பாதிக்காது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீரில் விரல் சுருங்கும், வழுக்கும், அலை இழுக்கும், மோதிரம் போய்விடும். கடற்கரை மணலில் இருப்பதும் முக்கியமாகக் குவார்ட்ஸ் என்ற கனிமம், வைரத்துக்கு 10 கொடுக்கும் மோஸ் கடின அளவில் அது 7. தங்கத்தையும் மென்மையான கற்களையும் அது சுலபமாகக் கீறும். மணல் ஒட்டிய மோதிரத்தைத் துணியால் துடைக்காமல் முதலில் தண்ணீரில் அலசுங்கள்.

இனி சுத்தம் செய்வது. டூத்பேஸ்ட் வேண்டாம். பல்லின் கறையைத் தேய்த்தெடுக்க அதில் சிலிக்கா, சுண்ணாம்பு போன்ற நுண்துகள் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் ரோடியத்தில் மிச்சம் இருப்பதையும் அது தேய்த்துவிடும். சமையல் சோடாவை அலுமினியத் தாளோடு வைத்துச் செய்யும் முறை வெள்ளியின் கறுப்பை எடுப்பதற்கானது. இங்கே கறுப்பே இல்லாதபோது அதற்கு வேலையும் இல்லை. தேவையானது ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு, குழந்தைகளுக்கான மெல்லிய டூத்பிரஷ். கால் மணி நேரம் ஊறட்டும். பிறகு கல்லின் முகத்தைவிடப் பின்பக்கத்தைக் கவனமாகத் தேயுங்கள். அழுக்கு சேர்வது அங்கேதான், ஒளி உள்ளே போய்த் திரும்புவதற்கு அந்தப் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். வைரத்தில் எண்ணெய்ப்பசை அப்படியே ஒட்டிக்கொள்ளும். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கொழுப்புத் தடவிய மேசை மீது நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு ஓடவிட்டு, ஒட்டிக்கொண்ட வைரத்தை எடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய கை, சன்ஸ்கிரீன், லோஷன் பட்டு மங்கிய வைரம் இப்படிக் கழுவியதுமே உயிர் பெறும். "வைரம் மங்கிவிட்டது, மாற்றிவிட்டார்களோ" என்று பயந்து வருகிறவர்களின் பல மோதிரங்களுக்கு மருந்து இந்தச் சோப்புத் தண்ணீர் மட்டுமே.

கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் கடுமையாக இருக்கும், காய்ந்தால் கல்லின் மேல் வெள்ளைப் படலம் விழும். பஞ்சு உதிராத துணியில் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். கிண்ணத்துத் தண்ணீரைச் சிங்கில் கொட்டும் முன் ஒரு வடிகட்டியில் ஊற்றிப் பாருங்கள். ஆடிக்கொண்டிருந்த கல் கழன்றிருந்தால் அங்கே அகப்படும். இதைப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை செய்தால் போதும். ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கும் ஆல்ட்ராசோனிக் இயந்திரம் விரிசல் இல்லாத நீலத்துக்கும் வைரத்துக்கும் பொதுவாகப் பரவாயில்லை. ஆனால் ஏற்கெனவே தளர்ந்த கல்லை அது முழுவதும் கழற்றிவிடும், ஆகவே ப்ராங்கைப் பார்த்த பிறகுதான் அதில் போட வேண்டும்.

நவரத்தின மோதிரத்தை அந்தக் கிண்ணத்தில் போடவே போடாதீர்கள். கல் நகையிலேயே பராமரிக்கக் கஷ்டமானது இதுதான். ஒன்பது கல்லும் ஒன்பது குணம். மோஸ் கடின அளவில் வைரம் 10. மாணிக்கம், நீலம், புஷ்பராகம் மூன்றும் குருந்தம் என்ற ஒரே கனிமத்தின் குடும்பம், 9. வைடூரியம் 8.5, மரகதம் 7.5 முதல் 8 வரை, கோமேதகம் 7 முதல் 7.5 வரை. அதற்குக் கீழே ஒரே சரிவு: பவளம் 3 முதல் 4, முத்து 2.5 முதல் 4.5. வீட்டுத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் 7 என்பதால், உலர்ந்த துணியால் தூசியோடு தேய்த்தாலே முத்தும் பவளமும் கீறும். எட்டுக் கல் தாங்கினாலும் ஒன்பதாவது தாங்காத எதையும் அந்த மோதிரத்துக்குச் செய்யக் கூடாது.

கடினம் மட்டும் இல்லை. முத்தும் பவளமும் அடிப்படையில் சுண்ணாம்புப் பொருள், அமிலம் பட்டால் கரையும். எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் ஆகாது. தங்கச் சங்கிலிக்கு நம் பாட்டிமார்கள் போட்ட பூந்திக்கொட்டைத் தண்ணீரும் முத்துக்கு வேண்டாம். வியர்வையில்கூட லேசான அமிலம் இருக்கிறது. ராசிக்காகப் போடும் மோதிரங்களில் கல் விரலைத் தொட வேண்டும் என்று பின்பக்கத்தைத் திறந்தே வைப்பார்கள், அதனால் வியர்வை நேராகக் கல்லின் அடிக்குப் போகும். பழைய நவரத்தின மோதிரங்களில் முத்து மட்டும் பொலிவிழந்து சுண்ணாம்பு நிறமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் காரணம் இதுதான். அந்த முத்தை மெருகேற்றித் திருப்ப முடியாது, மாற்றலாம்.

மரகதத்தில் பிறவியிலேயே நுண்ணிய விரிசல்கள் இருக்கும். அதை மறைக்க எண்ணெயோ பிசினோ ஏற்றியிருப்பார்கள். சந்தையில் வரும் மரகதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான், அதைக் குற்றமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வெந்நீர், ஆல்ட்ராசோனிக், நீராவி, சானிட்டைசர், நெயில் பாலிஷ் ரிமூவர் இவையெல்லாம் அந்த எண்ணெயை வெளியே எடுத்துவிடும், மறைந்திருந்த விரிசல்கள் வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும். மாணிக்கத்திலும் ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த மாணிக்கங்களில் விரிசலை ஈயக் கண்ணாடியால் நிரப்பியவை 2004 வாக்கில் சந்தைக்கு வந்து இப்போது எங்கும் கிடைக்கின்றன. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கும், பற்றவைக்கும் தீ பட்டால் கல்லே பாழாகும். உங்கள் மாமியாரின் மோதிரம் அதற்கு முந்தையது என்றால் இந்தச் சந்தேகம் மிகக் குறைவு. பிற்பாடு கல் மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மோதிரத்தைச் சுத்தம் செய்யும் முறை சுருக்கமானது. மெல்லிய பருத்தித் துணியைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு கல்லாகத் துடையுங்கள். பின்பக்க இடுக்குக்கு மட்டும் லேசாக நனைத்த பிரஷ். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பூஜைக்காகப் பாலில் வைப்பது உங்கள் வீட்டு வழக்கமென்றால் வையுங்கள், அதிக நேரம் விடாமல் எடுத்து உடனே துடைத்துவிடுங்கள். இடுக்கில் தங்கும் பால் கெட்டியாகி நாற்றமடிக்கும். பின்பக்கம் மூடிய கெம்புக்கல் அட்டிகை, பழைய வைரத் தோடு இருந்தால் அதை ஈரத்திலேயே வைக்காதீர்கள். கல்லுக்கு அடியில் இருக்கும் தகட்டில் தண்ணீர் இறங்கினால் கல் ஒரேயடியாக இருண்டுவிடும்.

கல்லுக்குக் கல் ஆயுள் எவ்வளவு மாறும் என்று நேரில் பார்க்க விரும்பினால் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போய் அரிக்கமேட்டு மணிகளைப் பாருங்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்த இடம் அது. ரோமானிய வணிகக் காலத்தில் அங்கே மணி செய்யும் பட்டறைகள் இருந்தன. சூதுபவளம், அகேட், ஸ்படிகம், செவ்வந்திக்கல் எல்லாம் குவார்ட்ஸ் இனம். சுமார் இரண்டாயிரம் வருடம் ஈர மண்ணில் கிடந்தும் அவற்றின் நிறம் போகவில்லை. முத்தை அதே மண்ணில் அவ்வளவு காலம் விட்டிருந்தால் இவ்வளவு நன்றாக மிஞ்சாது. எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கும்போதெல்லாம் நம் ஊர்க்காரர்கள் செய்த கல் வேலை என்ற பெருமை வரும்.

எடுத்து வைக்கும்போது ஒவ்வொரு நகையையும் தனித்தனித் துணிப்பையில் வையுங்கள். வைரம் பக்கத்தில் இருக்கும் எந்தக் கல்லையும் கீறும், நீலமும் மற்றவற்றைக் கீறும். அதேபோல வெள்ளைத் தங்க மோதிரத்தை 22 காரட் மோதிரத்தோடு ஒரே விரலில் அடுக்கிப் போடாதீர்கள். 22 காரட் மென்மையானது என்பதால் அது தேயும், இதன் ரோடியமும் போகும். கடையில் சுற்றித் தரும் ரோஸ் தாளில் முத்தை வைத்து நாள் கணக்கில் விடாதீர்கள், ஈரம் பட்டால் சாயம் இறங்கும். முத்து இருக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட வேண்டாம், முத்துக்குக் கொஞ்சம் ஈரப்பதம் தேவை.

தினமும் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அரிப்புக்குக் காரணம் தெரிந்த பிறகு, நீலமும் வைரமும் வைத்த மோதிரத்தைத் தாராளமாகப் போடுங்கள். மாவு பிசையும்போதும், அம்மி கிரைண்டர் வேலையிலும், வண்டி பழுது பார்க்கும்போதும் கழற்றிவிடுங்கள். வைரத்தைக் கீறுவது கடினம், ஆனால் ஓங்கிப் பட்டால் சில திசைகளில் அது பிளக்கும். நவரத்தின மோதிரத்தை விசேஷத்துக்கு மட்டும் போடுங்கள். அலங்காரம், சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றித் துடைத்து வையுங்கள்.

ரோடியம் போடக் கொடுக்கும் அன்று கல்லின் முகம், பின்பக்கம், உள்வளையத்து முத்திரை மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிகிராம் வரை எடை, கற்களின் எண்ணிக்கை, ஹெச்யுஐடி எண் எல்லாவற்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். முதலில் ப்ராங்கை லென்ஸில் பார்த்து, தேவையானால் கட்டி இறுக்கி, அதற்குப் பிறகே பஃப் போட்டு ரோடியம் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வரிசை மாறினால் பற்றவைத்த இடத்துக்காக மறுபடி ஒரு பூச்சு போட வேண்டி வரும், கூலியும் இரண்டு தடவை ஆகும். முத்திரை உள்ள இடத்தில் அழுத்தி பஃப் போட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது அழிந்தால் அடுத்த முறை தரத்தை நிரூபிக்க மறுபடி சோதனைக்கு அலைய வேண்டியிருக்கும்.